பத்துக்கு ஒன்பது

என் அத்தைக்கு நான் அண்ணன் மகள் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும்தான். அதைத் தாண்டிவிட்டால் அவள் இங்கிலீஷ் மிஸ். நான் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருபத்தெட்டாம் நம்பர். காலையில் அவள் ஸ்கூட்டியில்தான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன். வகுப்புக்குள் என்னைப் பார்க்கும்போது, இதற்குமுன் எங்கேயோ பார்த்த முகம் என்கிற சாயல்கூட அவளிடம் இருக்காது.

பாராகிராஃப் எழுதச் சொல்லித் தருவதில் திண்டுக்கல்லிலேயே அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது என்று பெற்றோர்கள் சொல்வார்கள். முதல் வாக்கியம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது டாபிக் சென்டன்ஸ். அடுத்த மூன்றும் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவை சப்போர்ட்டிங் சென்டன்ஸ். கடைசி வாக்கியம் முடித்துவைக்க வேண்டும். மாம்பழத்தைப் பற்றி எழுதினாலும் மலைக்கோட்டையைப் பற்றி எழுதினாலும் இதுதான் வழி. கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவாள். “இது நீ பாத்ததா, இல்ல கைடு பாத்ததா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு மார்க்கைக் குறைப்பாள். ‘தி’ என்கிற அந்தச் சின்னச் சொல்லை விட்டால் இடத்துக்கு அரை மார்க் போய்விடும். தமிழில் இல்லாத ஒரு சொல்லை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது எங்கள் யாருக்கும் பிடிபடவே இல்லை. அதில் அண்ணன் மகள், அடுத்த வீட்டுப் பிள்ளை என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

அந்த வருடம் பாதியில் வந்து சேர்ந்தவன் மயில்சாமி. கீரனூரில் விவசாயம் பார்க்கிற குடும்பம். ஆறாம் வகுப்புவரை தமிழ் மீடியம் படித்துவிட்டு, எங்கள் பள்ளி விடுதியில் தங்கியிருந்தான். கூடப் படிக்கிற எங்களையே வாங்க, போங்க என்பான். “ஏனுங்க, அந்த ரப்பரைக் கொஞ்சம் குடுங்க” என்று அவன் கேட்டால் பெஞ்சே சிரிப்பில் குலுங்கும். இங்கிலீஷில் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கரும்பலகையில் எது இருந்தாலும் ஒரு புள்ளி விடாமல் நோட்டில் இறக்கிவிடுவான். மூலையில் யாரோ எழுதி வைத்திருந்த ‘டோன்ட் ரப்’ என்பதைக்கூட ஒருநாள் சேர்த்து எழுதிக் காட்டி, பத்து நாள் கேலிக்கு ஆளானான். கேலி செய்தவர்களில் நானும் உண்டு.

எங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில், அகலமான வெள்ளைக் கண்ணாடி. அதைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது.

ஒரு வியாழக்கிழமை பி.டி. பீரியடில் எல்லோரும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குக் காய்ச்சல். கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தேன். அப்போது பள்ளித் தாளாளரின் மருமகன் ஒரு அலுமினிய ஏணியோடு உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லா வேலையையும் தானே செய்துபார்க்க ஆசைப்படுகிறவர். எல்லா வகுப்பிலும் கேமரா மாட்டப்போகிறார்கள், அதற்கு இடம் அளக்க வந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓடிவந்த மயில்சாமியை, “ஏலே, இங்க வா, ஏணியைப் பிடி” என்றார். அவன் பிடித்துக்கொண்டான். அவர் ஏறினார், அளந்தார், இறங்கினார். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஏணியின் பின்னங்கால் போய் ஸ்மார்ட் போர்டில் அடித்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக விரிசல்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு மயில்சாமியைப் பார்த்தார். “வெளிய போடா” என்றார். அவன் போனான். பின்னாலேயே அவரும் போனார். கடைசி பெஞ்சில் ஒருத்தி இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலை பிரேயரிலேயே இங்கிலீஷில் சொல்லிவிட்டார்கள், ஸ்மார்ட் போர்டை உடைத்தவன் மயில்சாமி என்று. அவனுக்கு அது விளங்கவில்லை. விடுதியிலிருந்து அவனுக்குத் தெரியாமலே அவன் அப்பாவுக்கு போன் போனது. சனிக்கிழமை அவர் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று பேச்சு.

அன்று காலை வரும் வழியிலேயே நான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, “ஏணி யாரு தோள்ல இருந்துச்சு?” என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். வண்டியைக் கிளப்பினாள். பிரேயரில் அவன் பெயரைக் கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியவர்களிடம் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

மதிய உணவுக்கு முந்தின பீரியட் இங்கிலீஷ். அத்தை வந்த செத்த நேரத்தில் பிரின்சிபால் மேடமும் வந்தார். நேராகக் கரும்பலகைக்குப் போய், அழகான சாய்வெழுத்தில் ஒரு வாக்கியம் எழுதினார். தமிழில் சொன்னால், ‘எங்கள் வகுப்பு ஸ்மார்ட் போர்டு மயில்சாமியால் உடைக்கப்பட்டது.’

“எல்லாரும் ஒரு பாராகிராஃப் எழுதணும். டாபிக் சென்டன்ஸ் நானே குடுத்துட்டேன். மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரி மிச்சத்த நீங்க எழுதுங்க. பையனோட அப்பா வரும்போது காட்டணும்” என்றார். பிறகு அத்தையிடம், “திருத்த வேணாம் மிஸ். அப்படியே கட்டி என் ரூமுக்கு அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை எங்களைப் பார்த்து, “கிராமர்ல யாருக்காவது டவுட் இருக்கா?” என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். “மிஸ், டாபிக் சென்டன்ஸ் தப்பா இருந்தா மாத்தலாமா?”

“அதுல கிராமர் சரியாத்தான இருக்கு.”

“கிராமர் சரி மிஸ். ஆளு தப்பு.”

அத்தை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “உக்காரு. எழுத வேண்டியத எழுது” என்றாள். என்னை அடக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கண்ணில் நீர் முட்டியது. அழுதால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று பேனாவை எடுத்தேன்.

கரும்பலகையில் இருந்ததை நான் எழுதவில்லை. ‘தாளாளரின் மருமகன் ஸ்மார்ட் போர்டை உடைத்தார்’ என்று தொடங்கினேன். அவர் ஏணியோடு வந்தார். மயில்சாமி அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் ஏணியைத் தூக்கித் திரும்பும்போது அது போர்டில் பட்டது. நான் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். ஐந்தே வாக்கியம். யார் செய்தார் என்பதை எல்லாவற்றிலும் முன்னால் வைத்தேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

முடித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்து வரிசையில் மயில்சாமி தலையைச் சாய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தான். ‘எங்கள் வகுப்பு ஸ்மார்ட் போர்டு மயில்சாமியால் உடைக்கப்பட்டது.’ தன் பெயர் வருகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழகாக எழுதியிருந்தான்.

நான் எட்டி அந்தத் தாளைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தேன்.

“ஏனுங்க கிழிச்சீங்க? மறுக்கா எழுதோணுமில்லீங்க?” என்றான் பரிதாபமாக.

“லூசு, நீதான் உடைச்சேன்னு நீயே எழுதியிருக்கடா!”

“நானுங்களா?” அவன் கரும்பலகையைப் பார்த்தான். முதல்முறையாக அதைப் படித்தான். “நான் ஏணியப் புடிச்சுட்டுத்தானுங்க நின்னேன். சாமி சத்தியமா.”

“அதையே எழுது.”

“இங்கிலீசுல எப்படிங்க சொல்றது?”

நான் மெதுவாகச் சொன்னேன். ‘ஐ ஹெல்ட் லேடர்.’ அவன் எழுதினான். அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இவ்வளவும் நடக்கும்போது அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கண்டுகொள்ளவே இல்லை என்று அவள்மேல் இன்னும் கோபம் ஏறியது.

மணி அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அத்தை தாள்களை அனுப்பவில்லை. எங்கள் வகுப்பு மேஜையிலேயே உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டாள். சாப்பாட்டு டப்பா மூடியபடியே பக்கத்தில் இருந்தது. நாங்கள் கை கழுவிவிட்டு வந்தபோதும் திருத்திக்கொண்டுதான் இருந்தாள். பிறகு எழுந்து, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, தாளைக் கையில் கொடுக்காமல் மார்க்கை மட்டும் படித்தாள்.

“சப்போர்ட்டிங் சென்டன்ஸ் இல்ல. ரெண்டு.”

“சப்போர்ட்டிங் சென்டன்ஸ் இல்ல. ரெண்டு.”

வகுப்பின் முதல் மாணவி அழுதேவிட்டாள். “மூணு சென்டன்ஸ் எழுதியிருக்கேன் மிஸ்!”

அத்தை அவள் தாளிலிருந்து உரக்கப் படித்தாள். ‘மயில்சாமி விடுதியில் இருக்கிறான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. ஸ்மார்ட் போர்டு விலை அதிகம்.’ படித்துவிட்டு, “இதுல எது அவன் உடைச்சத தாங்குது? நீ பாத்தியா?” என்று கேட்டாள்.

“இல்ல மிஸ்.”

“அப்ப ரெண்டு.”

முப்பத்தேழு பேருக்கும் இரண்டு. மயில்சாமிக்கும் இரண்டுதான், ஒற்றை வாக்கியம் பாராகிராஃப் ஆகாது என்றாள். இருபத்தெட்டாம் நம்பரைத் தாண்டிப்போய்விட்டு, கடைசியாக என்னுடையதை எடுத்தாள். “ஒன்பது. ரெண்டு எடத்துல ‘தி’ விட்டிருக்க.”

மற்றவர்கள் தாளில் சிவப்பு மையில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, ஒவ்வொரு தாளிலும் மார்க்குக்குக் கீழே தன் முழுக் கையெழுத்தைப் போட்டிருந்தாள், தேதியோடு. கட்டை எடுத்துக்கொண்டு தானே பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

அவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன், அதற்கும் ஒரு மார்க் குறைக்கிறாளே என்பதுதான் அப்போது என் மனம் முழுவதும். சாயங்காலம் ஸ்கூட்டியில் அவளைப் பிடித்துக்கொள்ளாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை காலை பிரின்சிபால் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மருமகனும் அங்கே இருந்தார். என் தாள் மேஜைமேல் கிடந்தது.

“உங்க அத்தை சொல்லிக் குடுத்து எழுதினியா?” என்று மேடம் கேட்டார்.

“நான் பாத்தத நான் எழுதுனேன் மேடம். அவங்க ‘தி’ மட்டும்தான் போட்டாங்க.”

மருமகன் சிரித்தார். “காய்ச்சல்ல படுத்திருந்தியாமே பாப்பா. கனவு கினவு கண்டிருப்ப.”

“காய்ச்சல்தான் சார். கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு.”

வேறொரு தாளைக் கொடுத்து மாற்றி எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். இரண்டு பீரியட் அறைக்கு வெளியே நிற்கவைத்தார்கள். மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். மறுபடியும் மாட்டேன் என்றேன்.

மதியம் மயில்சாமியின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். நான் வெளியேதான் நின்றேன், எல்லாம் கேட்டது. அவரிடம் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. எதை எடுத்தாலும் சிவப்பு மையில் ‘பார்க்கவில்லை’ என்று இருந்தது. ஒன்றில் மட்டும்தான் பார்த்தவள் இருந்தாள். “பையன் இங்கிலீஷ்ல கொஞ்சம் வீக். கவனிச்சுக்குங்க” என்று மட்டும் மேடம் சொன்னார். “சரிங்க” என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். டி.சி. பேச்சே எழவில்லை. அடுத்த மாதம் புது போர்டு வந்தது. மன்னிப்பு யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல எம்புட்டுப் பேரு பாத்துட்டுச் சும்மா இருக்காக. உனக்கு மட்டும் ஏன்டி வாய் அம்புட்டு நீளம்? அத்தை வேலைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?” அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஏற்றப் போயிருந்தார். அத்தை இரண்டாவது தோசையை என் தட்டில் போட்டாள். நான் அதைத் தள்ளிவைத்தேன். ஒன்பது மார்க் கோபம் இன்னும் தீரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது அத்தைக்கு எல்.கே.ஜி. கொடுத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கப் புதிதாக ஒரு மிஸ் வந்தார். எனக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. இனி ‘தி’க்காக யாரும் என்னைத் துரத்த மாட்டார்கள். அத்தைக்கும் நல்லதுதான், பாட்டுப் பாடிக்கொண்டு, களிமண் உருட்டிக்கொண்டு ஜாலியாக இருக்கலாம் என்று நினைத்தேன். “சின்னப் புள்ளைங்கன்னா உங்களுக்குப் புடிக்கும்ல அத்தை?” என்று கேட்டேன். “புடிக்கும்” என்றாள்.

மயில்சாமிதான் புரியாதவனாக இருந்தான். தினமும் பிரேயர் முடிந்ததும், எங்கள் வகுப்பு மாடியில் இருக்க, அவன் கீழே எல்.கே.ஜி. வாசலுக்குப் போய் நின்று அத்தைக்கு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் படி ஏறுவான். ஊருக்குப் போய்வந்தால் ஆயக்குடிக் கொய்யாவை ஒரு பை நிறைய கொண்டுவந்து அவள் மேஜையில் வைப்பான். புது மிஸ்ஸுக்கு ஒன்றுகூடத் தரமாட்டான். எனக்கு அவனை நினைத்தால் சிரிப்பாக வரும். ஒரு மார்க்கூடப் போட முடியாத மிஸ்ஸைப் போய் இவன் எதற்கு இப்படிக் காக்கா பிடிக்கிறான் என்று என் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.