பயித்தங்காய்ப் பாத்தியில் ஒரு மெட்டு

தெரணியகலைக்கு மேலே ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருக்கிற கன்னையாவுக்கு எழுபத்திரண்டு வயது. காலையில் மரத்தில் பால் வெட்டி, சாயங்காலம் மவுத் ஓர்கன் ஊதிய மனுஷன். பொப் பாடகர் ஜெரி முத்துவுக்குப் பின்னால் நின்று வாசித்த 'கித்துல் பாய்ஸ்' ஐந்து பேரில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருத்தர்தான். ஜெரியின் பேர்போன பாட்டுக்கு முன்னால் ஒரு மவுத் ஓர்கன் மெட்டு வருமே, பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்டுச் சலித்தது, அதைப் போட்டவர் கன்னையா. பால் வாளியோடு மலை இறங்கும்போது வாயில் வந்தது. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

போன வைகாசியில் ஜெரி செத்தார். டீவியில் ஒரு மணி நேரம் புகழ்ந்தார்கள். மெட்டெல்லாம் அவர் ஒருவரே போட்டாராம். கித்துல் பாய்ஸ் என்ற பேரே வரவில்லை. கன்னையாவுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பழைய பாட்டுக் கெசட் பெட்டியை இழுத்து மனைவி ஜெயம்மாவின் காலடியில் போட்டார்.

"இந்தா, கொண்டு போய்க் கிளி வெரட்டு! அதுக்காச்சும் ஒதவட்டும்!"

லயத்தில் எல்லாரும் செய்வதுதான். கெசட் நாடாவை உருவிப் பாத்தியில் குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டினால் வெயிலில் மினுங்கும், காற்றில் விர்ரென்று இரையும், கிளி அண்டாது. ஜெயம்மா பயித்தங்காய்ப் பாத்தி முழுக்கக் கட்டிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஜெரியின் மகள் சுதர்ஷினி கொழும்பிலிருந்து போன் பண்ணினாள். அப்பாவின் பாட்டுகளைப் புது இசைத்தட்டாகக் கொண்டுவருகிறாளாம். "மெட்டு நீங்க போட்டதுன்னா உங்க பேரப் போடுறேன் அங்கிள். ஏதாச்சும் அத்தாட்சி இருக்கா?"

"இருக்கும்மா!" என்று கத்தினார் கன்னையா. இரத்தினபுரி ஒத்திகையில் பதிந்த கெசட். அதில் ஜெரியே சொல்வார்: 'இது நீ போட்ட மெட்டு, கன்னையா. மாத்தாத, அப்படியே ஊது.'

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கெசட்டும் பெட்டிக்குள்தான் கிடந்தது.

அட பாவி மனுஷா! தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாரே. செருப்புக்கூடப் போடாமல் பாத்திக்கு ஓடினார். ஜெயம்மா துண்டு துண்டாய் வெட்டி, குச்சிக்குக் குச்சி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். மூன்று மாத மழை வேறு.

"நீங்கதானேங்க குடுத்தீங்க..." என்று அவள் அழுதுகொண்டே முடிச்சவிழ்த்தாள். அவர் அடுத்த குச்சிக்குத் தாவினார்.

நாடாவை ஒரு பையில் அள்ளிக்கொண்டு டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் ஜுனைதீனிடம் போனார். ஜுனைதீன் நாலு நாள் குந்தியிருந்து துண்டுகளை ஒட்டினார். ஓட விட்டபோது இரைச்சல், அப்புறம் மவுத் ஓர்கன், அப்புறம் ஒன்றுமில்லை. திடீரென்று ஜெரியின் குரல்: "மாத்தாத, அப்படியே ஊது."

"அதுக்கு முன்னாடி உள்ளதப் போடுங்க ஜுனைதீன் நானா!"

ஜுனைதீன் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒலி பதிந்த பூச்செல்லாம் மழையில் கழுவிப்போய்க் கண்ணாடி மாதிரி இருந்தது.

இருந்ததைச் சுதர்ஷினிக்கு அனுப்பினார்கள். உடனே போன் வந்தது. அவள் தேம்பினாள்.

"அப்பாவோட கொரல் அங்கிள்! எவ்வளவு அக்கறையா உங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாரு! மெட்டு அப்பாவோடதுன்னு இனி யாரும் சந்தேகப்பட முடியாது. தட்டுல மொதல்ல இதத்தான் போடப் போறேன்."

"இல்லம்மா, அதுக்கு முன்னாடி அவரு சொன்னாரு..."

"அதையும் அனுப்புங்க அங்கிள்."

அனுப்ப என்ன இருக்கிறது? 'மாத்தாத' என்ற அந்த ஒரு துண்டையும் பாத்தியிலேயே விட்டிருக்கக் கூடாதா என்று கன்னையா தன்னையே நொந்துகொண்டார்.

இரண்டு மாதம் போனது. தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். புதுத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'மாத்தாத, அப்படியே ஊது' என்று ஜெரி அதட்ட, மெட்டு தொடங்கியது.

"தம்பி, இது நான் போட்ட மெட்டு," என்றார் கொண்டக்டரிடம்.

"ஹரி ஹரி, சீயா," என்று சிங்களத்தில் 'சரி சரி, தாத்தா' சொல்லிச் சிரித்தபடி அவன் அவரைத் தோளில் தொட்டு முன்னால் நகர்த்தினான்.