நனைந்த மெத்தை

மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார்கள். போன கோடையில் என்னை அங்கே வரவழைத்து, குரோஷியா நாட்டுக் கடலோரமாக ஒரு வாரம் பாய்மரக் கப்பலில் போய்வர ஏற்பாடு செய்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் வரவில்லை. "கரும்ப உட்டுட்டு எங்க வர்றது? நீ போயிட்டு வா" என்று விருத்தாசலத்தில் ரயிலேற்றிவிட்டதோடு சரி.

கிளம்பும்போதே எனக்குள் ஒரு பயம் இருந்தது. கடலைப் பற்றியது இல்லை. சில வருடங்களாக எனக்கு ஒரு தொந்தரவு. இருமினால், தும்மினால், கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு பஸ்ஸில் போகிற நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறையில் வண்ணம் தீட்டும் பெண்களை மேற்பார்வை பார்க்கிறேன். அவர்கள் சிரிப்பு மூட்டினால் எழுந்து சூளைப் பக்கம் போய்விடுவேன். சிரிக்கத் தெரியாத அக்கா என்று எனக்கு அங்கே பெயர்.

கப்பல் மரத்தால் ஆனது, இரண்டு பாய்மரங்கள். மேல்தளத்தில் வெளிர்நிற மெத்தைகள் போட்டிருந்தார்கள். செங்குத்தான ஏணியில் இறங்கினால் கீழே சின்னச் சின்ன அறைகள். நாங்கள் மூவர், வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கப்பலோட்டுபவர், சமையல் செய்யும் அவர் மனைவி, அவ்வளவுதான் ஆட்கள். கழிவறையில் தண்ணீர் இறைக்க ஒரு கைப்பம்பு. ஒவ்வொரு முறையும் 'கடக் கடக்' என்று அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கப்பல் முழுக்கக் கேட்கும். யார் போனார்கள், எத்தனை முறை போனார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று எனக்குக் கூசியது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தண்ணி குடிம்மா. பாட்டில் அப்பிடியே இருக்குது பாரு" என்று மகள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் நல்ல காற்று வந்தது. கப்பலோட்டுபவர் இன்ஜினை நிறுத்திப் பாய்களை ஏற்றினார். சட்டென்று சத்தமெல்லாம் அடங்கி, தண்ணீர் பலகையில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு பறந்தது. ஒரு புறம் வெள்ளை வெளேரென்று மொட்டைப் பாறை மலைகள், மறுபுறம் பைன் மரங்கள் தண்ணீர் வரைக்கும் இறங்கிய தீவுகள். என் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். ஒரு அலை எழும்பி எங்கள் இருவர் முகத்திலும் அறைந்தது. அவர் மூக்குக்கண்ணாடி வாய்க்கு இறங்கி நின்றது. நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. கொஞ்சமாக இல்லை. புடவை நனைந்து, அடியில் மெத்தையும் சூடாக நனைவது தெரிந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், பசிக்கவில்லை என்றேன். டால்பின் தெரிகிறது என்று எல்லோரும் மறுபக்கம் ஓடினார்கள், நான் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு வாடை எட்டியிருக்குமோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்டியம் பழகி, எம்.எஸ்சி. வரை படித்த பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் என் மானம் இப்படியா போக வேண்டும்?

ஒரு குடாவில் நங்கூரம் போட்டதும் எல்லோரும் நீந்தக் குதித்தார்கள். நான் அவசரமாக எழுந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குடிக்காத பாட்டில் தண்ணீரை மெத்தையில் ஊற்றித் தேய்த்தேன். கறை வட்டமாகப் பரவியது. பின்னால், கடலிலிருந்து ஏறிவரும் ஏணியில் சத்தம். மாப்பிள்ளை ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்து நின்றார்.

என் கையில் மெத்தை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"குடுங்க அத்த" என்றார்.

"வேணாம் மாப்ள. அலைத் தண்ணி. நானே பாத்துக்கறேன்."

"கனமா இருக்கும், குடுங்க."

வாங்கிக்கொண்டார். வாளியில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றி, இரண்டு பக்கமும் அலசி, கைப்பிடிக் கம்பியில் காயப் போட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னாம்மா, யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்ல. என்ன ஊருக்கு அனுப்பிடு."

"நடுக்கடல்ல எந்த பஸ்ஸும்மா வரும்?"

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சொல்லியும்விட்டேன். அவள் சமாதானப்படுத்துவாள் என்று நினைத்தால், கோபம்தான் வந்தது அவளுக்கு.

"இத்தன வருஷமாவா? தெனமும் போன்ல என்ன கொழம்பு வச்சன்னு சொல்ற, இத சொல்ல மாட்டியா?"

"இதப் போயி சொல்லுவாங்களாடி?"

"டாக்டர்ட்ட சொல்லலாம் இல்ல? எங்கிட்ட சொல்லலாம் இல்ல?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, "அவருதாம்மா என்ன அனுப்புனாரு. அத்தைக்கு ஒடம்புக்கு என்னமோ முடியல, நீ போயி கேளுன்னாரு" என்றாள்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அதைவிடப் பெரிய அடி எனக்கு வேறு இல்லை.

மிச்ச நாட்களில் கரையிறங்கிய ஊர்களிலெல்லாம் மகள் முதல் காரியமாக ஒரு காபிக் கடைக்குள் நுழைந்து, கழிவறை எங்கே என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்பாள். மாப்பிள்ளை வெளியே நின்று எதிரே இருக்கும் சுவரைப் பார்ப்பார். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்ற மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊரில், கால்பட்டுத் தேய்ந்து பளபளத்த கல் தெருக்களில் நடந்தேன். லாவெண்டர் பூ விற்றார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தெருவைப் பார்த்ததைவிட, முன்னால் போன மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்ததுதான் அதிகம். கப்பலில் உட்காரும்போது அடியில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் மட்டும் குடித்தேன், மகளுக்குப் பயந்து.

ஊருக்கு வந்ததும் கடலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த தசை என்று சாதாரணமாகச் சொல்லி, ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். செய்கிறேன். பாதிக்குமேல் குறைந்திருக்கிறது.

வெட்கம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் பேசும்போது மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அத்த?" என்று கேட்பார். "இருக்கேன் மாப்ள, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போகிறவள் மாதிரி எழுந்துகொள்வேன்.