கண்ணாடித் துணி அசலா?

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நாளை நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் படித்துவிட்டுக் கீழே பதில் எழுதுங்கள்.

மாமா எங்கள் வீட்டில் ஒடுக்கமான மரப்படகு ஒன்று செய்கிறார். தண்ணீர் கசியாமலிருக்க அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பசை தடவி ஒட்ட வேண்டுமாம். குற்றாலச் சீசனில் குளம் நிறைந்ததும் அதில் முன்னால் உட்காரப் போவது நான். எனக்கு நீச்சல் தெரியாது.

செங்கோட்டை பெயிண்டுக் கடை அண்ணாச்சி இரண்டு துணிகளை விரித்தார். ஒன்று சாக்குப் போல் தடிமன். மற்றது வேட்டி போல் மெலிசு.

"தடிச்சது பசையைக் குடிக்கும். படகைக் குளத்துக்குத் தூக்க முடியாது" என்று மாமா மெலிசை எடுத்தார்.

எனக்கு அது வேட்டியேதான் என்று பட்டது. "கண்ணாடின்னா எரியாதுல்லா, அண்ணாச்சி?"

தீக்குச்சி கிழித்து ஓரத்தில் பிடித்தார். எரியவில்லை.

"படிகாரத் தண்ணியில முக்குன வேட்டியும் எரியாது" என்றேன்.

"தம்பி, ஒங்க அக்கா மகளைப் போலீஸுல சேத்துவிடும்" என்றார் மாமாவிடம். பிறகு என்னிடம், "ஏட்டி, நல்லாத் தடவிப் பாரு. ராத்திரி கை அரிச்சா அசல். அரிக்கலைன்னா திருப்பிக் கொண்டா."

தடவிப் பார்த்துவிட்டு மெலிசையே வாங்கி வந்தோம். இப்போது அரிக்கிறது. ஆனால் அவர் சொன்னதால் அரிக்கிறதோ? அரிக்கும் என்று சொல்லாமல் தங்கையைத் தடவச் சொன்னேன். அவளும் சொறிகிறாள்.

இன்னும் நம்பாதவர்கள் எழுதுங்கள். ஒரு துண்டு கொண்டுவருகிறேன்.

"ரெண்டு பேரும் எந்தச் செடியில போயி விழுந்திய?" என்று கேட்டபடியே அம்மா விளக்கை அணைக்க வருகிறாள்.