அவிசாவளை வரை சிங்களம்

யுத்த காலம். கொழும்பிலிருந்து ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்துக்குத் திரும்ப, பொட்டை அழித்துவிட்டு, அவிசாவளை போகும் சின்ன ரயிலில் மகளோடு ஏறினேன். அன்று பார்த்துப் பழைய நீராவி எஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். வாசலில் ஆமிக்காரர்கள். தமிழ் கேட்டால் இறக்கி விசாரிப்பார்கள். எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பெண்ணோடு சிங்களத்திலேயே பேசிக்கொண்டு வந்தேன்.

ரப்பர் மலைகளுக்குள் வண்டி வளைந்தபோது மகளின் கண்ணில் கரித்தூள் விழுந்தது.

"அம்மா, கண்ணு எரியுதும்மா!"

பதறி அவள் வாயைப் பொத்தினேன். எஞ்சின் இரைச்சலில் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்கு மூச்சுத் திணறியது.

எதிரே இருந்தவள் என் கையை விலக்கினாள். பிள்ளையின் காதுக்குள் சொன்னாள்: "கசக்காத தங்கம், மாமி ஊதிவிடுறேன்."

எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களின் தமிழ். அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இருந்த இடம் வெளுத்திருந்தது.

அதன் பிறகும் சிங்களத்தில்தான் பேசினோம். நம்மாட்களைக் கண்டால் முதலில் கேட்பது எந்தத் தோட்டம் என்றுதான். அதைக்கூட நான் கேட்கவில்லை.