எழுதிய பிறகு நடந்த ஆறரை கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை 9.40க்குத் தார்நாக்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன். கொண்டாப்பூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நகரின் மறுகோடியான மல்லாபூர் வரை முப்பது கிலோமீட்டர். அதைச் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, ஒரு கட்டுரை எழுதி மாத இதழுக்கு அனுப்பியிருந்தேன். இன்று மாலை அது அச்சுக்குப் போகிறது. அதில் கடைசி ஆறரை கிலோமீட்டரை நான் நடக்கவே இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன் இதே இடத்தில் நின்றபோதுதான் மூன்று வயது மகள் யாழினிக்குக் காய்ச்சல் என்று கணவர் அழைத்தார். ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். மீதியை வரைபடத்தைப் பார்த்து எழுதினேன். லாலாகுடா ரயில் பணிமனை வாசலில் முன்பு பார்த்த முகங்களைக் கொண்டுபோய் மல்லாபூரில் வைத்து, ஆலைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததாக ஒரு வரியும் சேர்த்தேன். அந்தப் பகுதி பிரமாதம் என்று இதழாசிரியர் எழுதியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

நிலைய வாசலில் நான் கைபேசியில் தமிழ் பேசுவதைக் கேட்ட ஆட்டோக்காரர் வண்டியை அருகில் நிறுத்தினார். செகந்திராபாத் தமிழர்.

“எங்கம்மா போணும்?”

“மல்லாபூர். நடந்தே போறேண்ணே.”

“நடந்தா? கைக்கு, எதுக்கு? வூட்ல சண்டையா?”

“இல்லண்ணே, அதப் பத்தி எழுதணும்.”

“எழுதணும்னா உக்காரணும்ல? ஏறி உக்காருங்க, நூத்தம்பது.”

இருவரும் சிரித்தோம். அதன்பிறகு மல்லாபூர் வரை வழியில் யாரும் என்னோடு பேசவில்லை.

10.15க்கு ஹப்சிகுடா. இடப்பக்கம் திரும்பி நாச்சாரம் சாலை. நடைபாதை என்று ஒன்று தொடங்கும், பத்தடியில் ஒரு பைக் வரிசையில் முடிந்துவிடும். குறிப்பெடுக்க நின்றால் முதுகுக்குப் பின்னால் ஹாரன். 11.05க்கு நாச்சாரத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டுக் கணவரை அழைத்தேன்.

“எங்க நிக்கே?”

“நாச்சாரம். சாப்ட்டாளா?”

“ஆச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட வெளாடுதா.”

“என்னயக் கேட்டாளா?”

“கேக்கலயே. நீ பாட்டுக்கு நட.”

பின்னணியில் அவள் தெலுங்கில் எதையோ சொல்லிச் சிரித்தாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவள் அழுதிருந்தால்கூட இப்படித் திரும்பிப் போகத் தோன்றியிருக்காது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தேன்.

11.50க்கு மல்லாபூர். நீண்ட மதில்கள், லாரிகள், ரசாயன நெடி. எதிரே பெண்கள் யாரும் கூட்டமாக வரவில்லை. ஓர் ஆலை வாசல் நிழலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார்.

“வேலைக்கா? இன்னைக்கு ஆள் எடுக்க மாட்டாங்க. திங்கக்கிழமை வா. சின்னக் குழந்த இருக்கா?”

“இருக்கு.”

“பாத்துக்க ஆள் இருந்தா மட்டும் வா.”

அவ்வளவுதான். டப்பாவின் பக்கம் குனிந்துகொண்டார்.

முப்பது கிலோமீட்டரையும் இப்போது நடந்தாயிற்று. கட்டுரையை அப்படியே விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை. மதிலோரம் நின்று ஆசிரியருக்குத் தட்டினேன்: கடைசிப் பகுதி கற்பனை, நீக்கிவிடுங்கள், தார்நாக்காவிலிருந்து ஆட்டோவில் வீடு திரும்பினேன் என்று முடித்துக்கொள்ளுங்கள். அனுப்பிய உடனே, அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘அது போனால் கட்டுரை நிற்காது. இந்த இதழில் வேண்டாம்.’

‘சரிங்க சார்’ என்று எழுதினேன்.

வீட்டில் இருந்தபடி எழுதிய மல்லாபூரில் அந்தச் சிரிப்பாவது எனக்குத் துணை இருந்தது. பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்க அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினேன். சாப்பிட்டு முடித்து உள்ளே போயிருந்தார்கள்.