ராஸ்பெரிக்கு முருங்கை வைத்தியம்

"பூஞ்சணம்தானே? முருங்கைக்குச் செய்யிறதைச் செய்துவிடுவம்" என்று சொல்லிக்கொண்டு, கவிழ்த்துவைத்த வாளியில் இருந்த அப்பா எழும்பினார். அந்த யோசனை அவருக்குள் வந்த கணத்தைக் கிட்ட நின்று பார்த்தவன் நான். முகம் அப்படியே வெளித்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் மாடிக்குடியிருப்புக்குப் பின்னால் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுகள் இருந்தன. வருஷக்கணக்காகக் காத்திருந்து அம்மா ஒரு துண்டை எடுத்திருந்தார். அதிலே இரண்டு வரிசை ராஸ்பெரி. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே அங்கேதான் போவார். முதற்பழத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரையே திகைக்கவைத்தவர்.

அந்தக் கோடையில் பழங்கள் சாம்பல் பூத்து அழுகின. புதுத்தடிகளில், இலை முளைக்கும் இடமெல்லாம் ஊதாத் திட்டுகள். பக்கத்துத் துண்டுக்கார நோர்வேஜியப் பெண்மணி வேலியடியில் நின்று நிதானமாகச் சொன்னார்: பழுத்து முடிந்த தடிகளை நிலத்தோடு வெட்டு, கட்டை விடாதே, வெட்டினதை வெளியே கொண்டுபோ, புதுத்தடியில் கொஞ்சத்தை மட்டும் விடு, காற்றுப் போகட்டும். இல்லாவிட்டால் நோய் என் வரிசைக்கும் வரும், தோட்டச் சங்கம் எல்லாவற்றையும் கிண்டச் சொல்லிவிடும். அம்மா "யா, யா" என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் அப்பா வாளியால் எழும்பியது.

முருங்கையை இடுப்பளவில் வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பினால் மழைத்தண்ணி இறங்காது, பக்கத்தால் சடைத்து வரும். அப்பா ஊரில் செய்த வேலை. பழசு புதிது என்று பாராமல் எல்லாத் தடியையும் முழங்கால் உயரத்தில் நறுக்கினார். பூந்தோட்டக் கடையில் மூட்டையாக வாங்கிய காய்ந்த மாட்டுச்சாணத்தைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு கட்டைக்கும் தொப்பி வைத்தார்.

"அப்பா, இது முருங்கை இல்லை."

"நீ முருங்கையைக் கண்டிருக்கிறியோ?"

"ஓம். கறிக்குள்ளை."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "முருங்கையை முறிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர் எண்டு சும்மாவே சொன்னவை? இஞ்சை வா, முதல் உன்னை முறிக்கிறன்!"

நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அந்த அன்ரி நிலத்தோடை எண்டெல்லோ சொன்னவ?"

"அப்பாவுக்குத் தெரியும். நீ சத்தம் போடாதை."

வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய், அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எங்கள் பக்கம் முதுகு வருமாறு திருப்பிவைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். வரிசை முடியும் வரைக்கும் கதைத்தார்.

சாணித் தொப்பி இலையுதிர்கால மழையை நன்றாகவே குடித்தது. அடுத்த கோடையில் கட்டைகள் கறுத்து உளுத்தன. நடுவே வந்த குருத்துகளிலும் ஊதாத் திட்டு. சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, வேரோடு கிண்டச் சொன்னார்கள். அம்மாதான் கிண்டினார். அப்பா மூட்டை பிடித்தார். "போன வருஷம் மழை கூட" என்றார். "ஓம், சரியான மழை" என்றார் அம்மா.

அம்மாவுக்கு நோர்வேஜியன் சரியாக விளங்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தினமும் அந்த மொழியில் முதியவர்களைப் பராமரித்தவரைப் பற்றி! வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டி, ஒஸ்லோவில் துப்புரவு வேலைக்கு வந்த அப்பாவுக்கு அந்த வருஷம் அந்த வேலையும் போயிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில், விண்ணப்பம் எழுதப் பழக்கும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள், போனார். சாப்பாட்டு மேசையில் அவருடைய உச்சரிப்பை நான் திருத்துவேன்; திரும்பச் சொல்வார். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது எனக்கு அந்த ஒரு தரம்தான் ஞாபகம். அம்மா எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்று விளங்க, எனக்கு இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

இப்போது துரொண்ட்ஹெய்மில் தாவர நோய்களைப் பற்றித்தான் படிக்கிறேன். வெட்டின கட்டையில் பூஞ்சணம் எப்படிக் குடியேறும் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். அம்மாவின் துண்டிலேயே, பழைய வரிசை இருந்த மண்ணை விட்டுத் தள்ளி, இந்த வசந்தத்தில் நோயில்லாத கன்றுகளை வைக்கப்போகிறேன். பழுத்து முடிந்ததும் வெட்டுகிற கத்தரியை அப்பாவின் கையில்தான் கொடுக்க வேண்டும். நிலத்தோடு வெட்டும்படி அவரிடம் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் ஒரு பாடத்திலும் படிப்பிக்கவில்லை. பிளாஸ்கில் தேத்தண்ணியோடு போய்ப் பார்க்கலாம்.