சூடில்லாத சாப்பாடு

கறார் அக்கா என்றால்தான் அந்தச் சலவைக் கம்பெனியில் அவளைத் தெரியும். பதினோரு வருடமாகக் கேன்டீன் சமையல் அவள் கையில். உப்பு தூக்கல் என்று யாராவது முகம் சுளித்தால், "எங்க, நாக்கை நீட்டு பாப்போம்" என்பாள்.

அவளையே மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். இஸ்திரிக் கூடத்துத் தட்டுகள் பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வருகின்றனவாம். "இந்த வாரம் பாப்பேன். அப்புறம் வேற ஆள்தான்" என்றார்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. குறை எங்கே என்று பார்க்க இஸ்திரிக் கூடத்துக்கே போனாள். பெரிய இஸ்திரி உருளைகளுக்கு நடுவே படுக்கை விரிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆவி முகத்தில் அறைந்தது. பத்து நிமிடம் நிற்க முடியவில்லை.

"பசிக்குதுக்கா. ஆனா இங்கேருந்து வந்து கொதிக்கிற சாம்பாரைப் பாத்தா வாய் வாங்க மாட்டேங்குது" என்றாள் விரிப்பு மடிக்கிறவள்.

கேன்டீனிலோ எல்லாம் சூடாகத்தான் போட வேண்டும் என்று சட்டம். அதைப் போட்ட மேனேஜர் மகராசன் ஏசி அறையில் சாப்பிடுகிறவர். அவளுக்கு வீம்பு பிடித்துக்கொண்டது.

அன்றே ராஜ்மாவையும் வெள்ளை மொச்சையையும் தனித்தனியாக ஊறப்போட்டாள். மறுநாள் விடிந்ததும் குழையாமல் வேகவைத்து வடித்தாள். சூட்டோடு உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசிறினால்தான் பயறு உள்ளே வரை இழுக்கும். அப்படியே பிசிறித் தட்டுகளில் பரப்பி ஆறவைத்தாள். விதை நீக்கிய வெள்ளரி, வெங்காயம், புதினா நறுக்கியாயிற்று. துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அடித்தாள்.

காய் நறுக்குகிறவள் அவள் நாத்தனார்தான். கைக்கு முன்னால் அவசரம் ஓடும். ஒரு தட்டு ஆறுவதற்குள் தயிரைக் கொட்டிக் கிளறிவிட்டாள். தயிர் திரிந்து நீர் விட்டது.

"நல்ல காரியம் பண்ணினே! இதை நாம ரெண்டு பேரும் தின்னுக்கலாம், எடுத்து வை" என்றவள் மற்ற தட்டுகளை ஃபிரிட்ஜுக்குள் தள்ளினாள்.

மதிய மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் வந்தார்.

"அடுப்பு ஏன் அணைஞ்சிருக்கு?"

"சமையல் முடிஞ்சிடுச்சு சார்."

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். "என்ன இது? எல்லாத்தையும் சூடு பண்ணுங்க."

"பண்ண மாட்டேன் சார்."

கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்து நின்றாள். நகரவில்லை. மணி அடித்தது. வியர்த்து வழிந்துகொண்டு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் கத்த அவருக்குக் கூச்சம்.

ஜில்லென்றிருந்த பயறில் அப்போதுதான் தயிரைக் கலந்து பரிமாறினாள். மடிக்கிறவள் இரண்டாம் முறை தட்டை நீட்டினாள். கழுவ வந்த தட்டுகளில் ஒரு பயறுகூட இல்லை.

மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்தார். கௌரவம் விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார்.

"சாப்பிட்டாங்க, சரி. என்னைக் கேக்காம செஞ்சது தப்பு. மன்னிப்பு எழுதிக் குடுத்தா நாளைக்கு வேலை."

"எழுதிடுங்க அண்ணி, வம்பு வேணாம்" என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

அவள் உட்கார்ந்து நிதானமாக எழுதினாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மேனேஜர் படித்தார்.

"நாளைய தேவை: ராஜ்மா எட்டு கிலோ. வெள்ளை மொச்சை எட்டு கிலோ. தயிர் இருபது லிட்டர். வெள்ளரி பத்து கிலோ. இஸ்திரிக் கூடத்துக்குப் பெரிய ஃபேன் நாலு."